பெருக்காத வீடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் துணிப்பையைத் தோளில் மாட்டினால் போதும். என் மனைவி அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்பாள்:

"இன்னிக்கு எந்த ஊடு செத்துப்போச்சு?"

நான் பதில் சொல்ல மாட்டேன். சொன்னால் பேச்சு வளரும். சொல்லாவிட்டாலும் வளரும், அது வேறு விஷயம்.

"பக்கத்து ஊட்டுக்காரரு ஞாயித்துக்கெழமையானா பொண்டாட்டியை ஸ்கூட்டர்ல இட்டுக்கினு காணிப்பாக்கம் கோயிலுக்குப் போறாரு. எதுத்த ஊட்டுக்காரரு கறி வாங்கிக்கினு வராரு. எனக்கு வாச்சவரு இடிஞ்ச செவுத்துக்கு எதுருல போய் குந்திக்கினு இருக்காரு. வெளியில சொன்னா வெக்கக்கேடு."

அவள் சொன்னதில் தப்பில்லை. சித்தூரில் எங்கள் வீட்டுத் தெருச் சுவர் மூன்று பொங்கலாகச் சுண்ணாம்பு காணாமல் நின்றது. உயிரோடு இருக்கிற வீட்டைக் கவனிக்க நேரமில்லாதவன் ஆள் இல்லாத வீட்டை வாரக்கணக்கில் வரைந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் பொறுக்கும்? ஒரு தடவை, "சுண்ணாம்பு அடிச்ச செவுத்துல பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல, அழுக்குலதான் மனுஷன் தெரியறான்" என்று தத்துவம் பேசிவிட்டேன். "அப்டீன்னா நாலு நாள் குளிக்காம இருக்கேன், என்னையும் ஒரு படம் போடு" என்றாள். அதோடு தத்துவத்தை நிறுத்திக்கொண்டேன்.

நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பள்ளிக்கூட மரியாதையில் எனக்குக் கீழே இருந்தது பியூன் அடிக்கிற மணி மட்டும்தான். கணக்கு வாத்தியாருக்குப் பாடம் முடியாவிட்டால் என் பீரியடை எடுத்துக்கொள்வார், கேட்கக்கூட மாட்டார். ஆனால் உள்ளுக்குள் நான் பெரிய ஓவியன். திருப்பதியில் வருஷத்துக்கு ஒரு முறை படக் கண்காட்சி நடக்கும். அங்கே என் படம் ஒன்று சுவரில் தொங்கவேண்டும், அதுதான் என் ஆசை. வருஷம் தவறாமல் அனுப்பினேன். அருவி, அருவியில் தண்ணீர் குடிக்கும் மான், மானைப் பார்க்கும் மயில். வருஷம் தவறாமல் திரும்பி வந்தது.

மூன்றாம் வருஷம் நானே போய்க் கேட்டேன். கண்காட்சியை நடத்திய பெரியவர் என் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பொறுமையாக விசாரித்தார்.

"மாஸ்டர்காரு, இந்த மானை எங்க பாத்தீங்க?"

"காலண்டர்ல."

"அருவி?"

"அதுவும் அதே காலண்டர்தாங்க."

"அந்த மாசம் முடிஞ்சுபோச்சு. நீங்க கண்ணால பாத்தது ஏதாவது இருந்தா போட்டுக்கினு வாங்க" என்று படத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்தார்.

சித்தூர் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவரைத் திட்டினேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்கிற பழமொழி எனக்காகவே சொன்னது என்று அன்றைக்குத் தோன்றவில்லை. கூடம்தான் கோணல் என்று உறுதியாக நம்பினேன்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள், ஊருக்கு வெளியே பூட்டிக் கிடந்த மாம்பழக் கூழ் யூனிட் ஒன்றில் மழைக்கு ஒதுங்கினேன். முதலாளி வேறு இடத்தில் பெரிய மெஷின் போட்டுவிட்டதால் இதை அப்படியே விட்டுவிட்டார் என்று வாட்ச்மேன் சொன்னார். உள்ளே ஒரு தூண். அந்தத் தூணில் என் மார்பு உயரத்திலிருந்து தலை உயரம் வரை ஒரே பொட்டு. ஸ்டிக்கர் பொட்டு. சிவப்பு, மெரூன், பச்சை, வட்டம், நீட்டு, பாம்பு மாதிரி நெளிந்தது. சீசனில் பழம் நறுக்க வந்த பெண்கள் உள்ளே போகும்போது வளையலையும் பொட்டையும் எடுத்துவிட வேண்டுமாம், கூழில் விழுந்துவிடும் என்று. வளையலை முந்தானையில் முடிந்துகொண்டு பொட்டைத் தூணில் ஒட்டிவிட்டுப் போவார்களாம். சாயங்காலம் திரும்பி வரும்போது அவரவர் பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு கிளம்புவார்களாம். மறந்தவர்களுடையதும் புதிது வாங்கிக்கொண்டவர்களுடையதும் தூணிலேயே தங்கிவிட்டன.

மழை விட்டது. நான் போகவில்லை. கையில் இருந்த நோட்டில் அந்தத் தூணை வரைந்தேன். வீட்டுக்கு வந்து காட்டியபோது என் மனைவி என் மயிலையும் மானையும் பார்க்காத அளவுக்கு அதைப் பார்த்தாள். "இந்த நெளிவுப் பொட்டு நம்ம கல்யாணத்தும்போது வந்தது. ரெண்டு வருஷத்துல பேஷன் போய்டுச்சு. அப்பவே போனவ இவ, திரும்பி வரல" என்று ஒரு பொட்டின் மேல் விரல் வைத்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் அந்தப் படத்தில் தனக்கும் பங்கு உண்டு என்பாள் என்று பயம்.

அப்படித்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. பிடிப்பதற்கு ஏற்ற காலமாகவும் இருந்தது. தாராளமயம் என்று பேப்பரில் எழுதினார்கள். எங்கள் பக்கத்துக்கு அது எஸ்.டி.டி. பூத்தாகவும் கேபிள் டிவியாகவும் பெங்களூருக்கு நேர் பஸ்ஸாகவும் வந்தது. அந்த நேர் பஸ்ஸில் கிராமம் கிராமமாக ஜனம் ஏறிப் போனது. சென்ட்ரிங் வேலைக்கு, கல் அறுக்க, கம்பெனியில் காவல் காக்க. எல்லையோரத்துத் தமிழ் ஊர்களில் தெருவுக்கு நாலு வீட்டில் பூட்டு தொங்கியது. எனக்குப் பூட்டைக் கண்டால் பென்சில் எடுக்கத் தோன்றியது.

ஆனால் ஒரு ஊருக்குள் போய், பூட்டின வீட்டின் எதிரில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலை நீட்டிப் பிடித்து அளப்பது எவ்வளவு ஆபத்தான காரியம் என்பது எனக்குத் தெரியாது. சித்தூரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்த அந்த ஊரில் தெரிந்துகொண்டேன்.

முதலில் ஒருவர் காபி கொண்டுவந்தார். ரோடு அகலப்படுத்த எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீஸிலிருந்து வந்த சர்வேயர் என்று என்னை நினைத்திருக்கிறார். "சாரு, எங்க மாட்டுக் கொட்டாயும் ரோட்டு மேலதான் இருக்குது, அதையும் சேத்து எழுதிக்கோங்க, நஷ்டஈடு வரட்டும்" என்று காதோடு சொன்னார். நான் சர்வேயர் இல்லை, படம் போடுகிறவன் என்றேன். பாதி குடித்த டம்ளரை வாங்கிக்கொண்டார்.

அதற்குள் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். "படம் போடறவன் எதுக்குய்யா அளக்கறான்? பாழடைஞ்ச ஊட்டுல இன்னா படம்?" என்றார் ஒருவர். "நிதி தேடறான்" என்றார் இன்னொருவர். பழைய வீட்டிலும் பாழடைந்த கோயிலிலும் புதையல் தோண்டுகிற கூட்டங்களின் கதை எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் உண்டு. என் பையைப் பிரித்தார்கள். உள்ளே இரண்டு எலுமிச்சம்பழம். பஸ்ஸில் எனக்கு வாந்தி வரும், மோந்துகொள்ள வேண்டும் என்று என் மனைவி போட்டது. கூட்டத்துக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. "பூஜை சாமானோட வந்துக்கிறான், பாருங்க" என்று பழத்தை உயர்த்திக் காட்டினார்கள். டிராயிங் மாஸ்டர் வேலையோடு உயிரும் போகிற நிலைமை.

அப்போது ஒரு அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார், கை நிறைய வேர்க்கடலைக் கொல்லை மண். என் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார்.

"யோவ், பூட்டு மேல இருக்கிற துருவைக்கூட போட்டுக்கிறாரு. நிதி எடுக்க வந்தவன் பூட்டை ஒடைப்பானா, குந்திக்கினு படம் போடுவானா? போங்கய்யா, போய் வேலையைப் பாருங்க."

கூட்டம் சிரித்துக்கொண்டு கலைந்தது. எலுமிச்சம்பழத்தை மட்டும் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் அக்கா என்று கும்பிட்டேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பழைய ஊடுதான் வேணுமா? எங்க ஊட்டைப் போடறீங்களா?"

அவர்களுக்குப் பின்தெருவில் கவர்மெண்ட் காலனி வீடு கிடைத்து ஆறு வருஷமாகிறது. பழைய நாட்டு ஓட்டு வீட்டைப் பூட்டி வைத்திருந்தார். "இடிச்சிட்டு மாட்டுக் கொட்டா போட்லாம்னு ஊட்டுக்காரரு தெனம் சண்டை. நான் சாவி தர மாட்டேன்" என்றபடி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். கதவைத் திறந்துகொண்டே, நான் கேட்காமலே சொல்லிவிட்டார்.

"எங்க பையன் இருந்த ஊடு. இன்டர் பரிச்சை ரெண்டு தபா பெயிலு. துன்ற சோத்துக்காவது வேலை செய்டான்னு அவுங்க நைனா ஒரு வார்த்தை சொல்லிட்டாரு. போகிக்கு ரெண்டு நாள் முன்னாடி, செருப்புகூட போடாம பையை எடுத்துக்கினு போய்ட்டான். பெங்களூருன்னான். ஆறு வருஷமாச்சு. போய் எறங்கிட்டேன்னு ஒரு கார்டு போடல."

வந்துவிடுவான் என்றேன். எல்லோரும் சொல்வதுதான்.

"வருவான். அவன் போனப்போ இந்த ஊருல போன் கெடையாது சாரு. இப்ப டீக்கடையாண்ட பூத்து வந்துக்குது. அந்த நம்பர் அவனுக்குத் தெரியாது, அதான் பிரச்சினை" என்றார். அது மட்டும்தான் பிரச்சினை என்பது போல. பிறகு ஒரு கட்டளை: "தரையை மட்டும் மிதிக்காதீங்க. வாசப்படிக்கு இந்தாண்ட குந்திக்கினே போடுங்க."

ஏன் என்று நான் கேட்கவில்லை. தேள் கீள் இருக்கும், அல்லது டவுன்காரன் செருப்போடு நுழைவது பிடிக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். வாத்தியார் வேலையில் இருபது வருஷம் இருந்தால் கேள்வி கேட்கிற பழக்கம் மாணவனுக்குத்தான் என்று ஆகிவிடும்.

வாசலுக்கு வெளியே உட்கார்ந்து உள்ளே பார்த்தேன். சுவரில் கரியால் தெலுங்கில் எழுதிய கெமிஸ்ட்ரி சூத்திரங்கள். முதல் வரி சரி, இரண்டாவது வரியிலேயே தப்பு, பிறகு அடித்துவிட்டு ஒரு மீசை. ஆணியில் ரசம் போன கண்ணாடி. மரச்சட்ட இடுக்கில் செருகிய பிளேடு. தரை முழுக்கத் தூசி, எலிப் புழுக்கை. அந்தத் தூசிக்கு அடியில் ஐந்து கால் தடங்கள். பொங்கலுக்காக மண் குழைத்துப் பூசி, சாணம் மெழுகி, ஈரம் காய்வதற்குள் யாரோ வெறுங்காலோடு நடந்து போயிருக்கிறார்கள். உள்சுவரிலிருந்து வாசல் வரை. மூன்றாவது தடத்தில் குதிகால் ஆழமாக அழுந்தியிருந்தது. ஒரு நிமிஷம் நின்றிருப்பான்.

பையனுடைய கால்தான் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் எனக்கு ஓட்டு இடுக்கு வழியாக அந்தக் குழிகளில் விழுந்த வெளிச்சம்தான் பெரிதாகப் பட்டது. அடடா, என்ன வெளிச்சம் என்று பூரித்துப்போனேன். நாலு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். அக்கா சாவியைக் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவார், மதியம் வேகவைத்த வேர்க்கடலை கொண்டுவந்து தருவார். படத்தைக் காட்டுங்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஐந்தாவது ஞாயிறு என் மனைவி புடவை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"வாராவாரம் வேகவெச்ச வேர்க்கடலை குடுக்கிற அக்கா யாருன்னு நானும் பாக்கறேன்" என்றாள்.

இட்டுக்கொண்டு போனேன். அக்காவுக்கு அவளைப் பிடித்துவிட்டது, அவளுக்கும் அக்காவை. என்னைக் கேலி செய்ய ஆள் கிடைத்தால் யாருக்கும் யாரையும் பிடித்துவிடும். "எலுமிச்சம்பழம் நீதான் போட்டியாம்மா?" என்று அக்கா கேட்க, இரண்டு பேரும் என் எதிரிலேயே சிரித்தார்கள். பிறகு அக்கா கடலை பறிக்கப் போய்விட்டார். என் படம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. வீட்டின் பின்பக்கச் சுவரை மட்டும் சின்னதாக ஒரு தாளில் எடுத்துக்கொள்ளலாம் என்று சுற்றிக்கொண்டு போனேன். தரையை மிதிக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். சொன்னால் அதற்கும் ஒரு கேலி வரும் என்று சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தேன்.

என் மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு, முகமெல்லாம் வியர்வையும் சந்தோஷமுமாக நின்றாள். பக்கத்துக் கொட்டாயில் சாணமும் பானையில் செம்மண்ணும் இருந்திருக்கின்றன. பெருக்கி, பள்ளமெல்லாம் மண் வைத்து அடைத்து, மெழுகி, வாசலில் நாலு புள்ளிக் கோலமும் போட்டு முடித்துவிட்டாள்.

"இப்பதான் ஊடு மாதிரி இருக்குது. பாவம் அந்த அக்கா, கொல்லையும் கொல்லையுமா அலையறாங்க, இதுக்கு எங்க நேரம்? நாம வாராவாரம் அவங்க கடலையைத் துன்னுக்கினு இருந்தா போதுமா?"

தரை ஈரமாகப் பளபளத்தது. ஒரு தடம்கூட இல்லை. என்ன போயிற்று என்று அப்போதும் எனக்கு முழுதாகத் தெரியாது. என் வெளிச்சம் போய்விட்டதே என்றுதான் முதலில் நினைத்தேன். இதை எழுதவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

அக்கா கடலைக் கட்டோடு வந்தார். எங்களுக்குக் கொடுத்தனுப்பத்தான். கோலத்தைப் பார்த்தார். கதவுக்குள் பார்த்தார். கட்டைக் கீழே வைத்தார்.

"பெருக்கிட்டியாம்மா" என்றார்.

"ஆமாங்கா, ஒரே தூசி."

அக்கா அப்படியே தெரு மண்ணில் உட்கார்ந்தார். "போய் எறங்கின சேதி வந்தப்புறம் பெருக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஊருக்குக் கிளம்பினால், அவர் படி இறங்கியதும் வீட்டைப் பெருக்க மாட்டார்கள். போனவர் போய்ச் சேரும் நேரம் வரை துடைப்பத்தைத் தொடுவதில்லை. பெருக்கினால் சாவு எடுத்த வீட்டைப் பெருக்குகிற மாதிரி. நான் பரீட்சை டூட்டிக்குத் திருப்பதி போனால்கூட என் மனைவி மத்தியானம் வரை குப்பையோடுதான் இருப்பாள். அந்த வழக்கத்தை ஆறு வருஷமாக ஒருத்தி நீட்டிக்கொண்டிருப்பாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்த ஒரு வரி காதில் விழுந்ததும் அவளுக்கு முழுதும் புரிந்துவிட்டது. துடைப்பத்தைக் கீழே போட்டாள். "ஐயோ, அக்கா" என்று அவர் காலடியிலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"நீ இன்னா பண்ணுவ? உனக்கு யாரு சொன்னா?" என்று அக்கா அவள் முதுகைத் தடவினார். என்னை ஒரு தரம் பார்த்தார். "சாருக்குச் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்த் தரையைத் தொட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் மொழுகிக்கிறே. ஓரத்துல மட்டும் தண்ணி ஜாஸ்தி" என்றார். என் மனைவி அழுகையோடு சிரித்தாள். நான் அவசரமாகப் படத்தை எடுத்து, அக்கா, இதில் இருக்கிறது, ஐந்து தடமும் இருக்கிறது என்று நீட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இப்ப வேணாம் சாரு."

திரும்பும்போது பஸ்ஸில் என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் ஏங்கிய அமைதி. அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று தெரியாது. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சொன்னாள்.

"அந்தப் படத்தை அவங்களுக்கே குடுத்துடு."

"திருப்பதிக்கு அனுப்பணுமே."

"அனுப்பு. காட்டிட்டுக் குடு. வேற எவனுக்கும் குடுக்கக் கூடாது."

சரி என்றேன். சொன்ன நிமிஷத்திலிருந்து நான் ஒரு பெரிய மனிதனாகிவிட்டேன். என் வாழ்நாள் படத்தை ஒரு தாய்க்குத் தானமாகக் கொடுக்கப்போகிறேன். கொடுக்கும்போது என்ன சொல்வது என்று கண்ணாடி முன்னால் ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன்.

கண்காட்சிப் பெரியவர் இந்தத் தடவை கேள்வியே கேட்கவில்லை. வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டினார். சந்தோஷத்தில் நான் அவர் காலைத் தொட்டுவிட்டேன். என் மனைவி தனியாக அந்த ஊருக்குப் போய் அக்காவை அழைத்துக்கொண்டு நேராகத் திருப்பதிக்கு வந்துவிட்டாள்.

நான் எதிர்பார்க்காத ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்தது. அது திருப்பதி. அந்த ஊரில் ஒரு படத்தில் கால் தடத்தைப் போட்டால் அது யாருடைய கால்? வருகிறவர்கள் எல்லோரும் என் படத்தின் முன் செருப்பைக் கழற்றினார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ சட்டத்தின் கீழே துளசி வைத்திருந்தார்கள். பக்கத்துப் படத்தை வரைந்தவர் என்னைப் பொறாமையோடு பார்த்தார். நானோ மறுப்பதா வேண்டாமா என்று முழித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், மறுக்க மனம் வரவில்லை.

கோயில் கைங்கரியத்தில் இருக்கிற ஒரு வயதானவர், நெற்றி நிறையத் திருமண், கைகூப்பி நின்றுவிட்டு, "எந்தக் க்ஷேத்திரத்துத் திருவடி இது?" என்று கேட்டார்.

எனக்கு முன்னால் அக்கா சொல்லிவிட்டார். "எங்க பையன் காலு சாமி. கோச்சிக்கினு போய்ட்டான்."

திருமண்காரர் கூப்பிய கையை என்ன செய்வது என்று ஒரு கணம் தெரியாமல் நின்றார். பிறகு இறக்காமலே சொன்னார். "இருக்கட்டுமேம்மா. சேவிச்சது சேவிச்சதுதான். எங்க இருந்தாலும் க்ஷேமமா இருக்கட்டும்."

அக்கா படத்தின் கிட்டே போனார். ரொம்ப நேரம் பார்த்தார். "இது போற காலு இல்லையே" என்றார். "நம்ம பக்கம் வருது."

நான் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து வரைந்ததால் அப்படி. விரல்கள் பார்க்கிறவர் பக்கம் இருந்தன. அதை நான் யோசித்துச் செய்யவில்லை. அக்கா உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் என் தோளைத் தொட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறவர். "மாஸ்டர்காரு, இது எனக்கு வேணும். ரிசப்ஷன்ல மாட்டணும். யாரு பாதமா இருந்தா இன்னா, பாதம் பாதமேகதா" என்றார். என் படத்தை விலைக்குக் கேட்ட முதல் மனிதர். என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி முன்னால் பழகிய வசனத்துக்கு நேரம் வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"மன்னிக்கணும். இந்தப் படம் இந்தத் தாய்க்குச் சொந்தம். இதை நான் அவங்களுக்கு..."

"எனக்கெதுக்கு சாரு?" என்றார் அக்கா. "எங்க ஊட்டுல மாட்டினா நானும் ஊட்டுக்காரரும்தான் பாக்கணும். நாங்க பாத்து இன்னா ஆவப்போவுது?"

லாட்ஜ்காரரிடம் திரும்பினார்.

"உங்க லாட்ஜுல பெங்களூருக்காரங்க வந்து தங்குவாங்களா?"

"அம்மா, தங்கறதே அவங்கதான்."

"வாசல்ல உள்ளே வந்ததும் தெரியற மாதிரி மாட்டுவீங்களா?"

"எதிருலயே மாட்டறேன்."

"அப்ப இவருக்கே குடுத்துடுங்க சாரு. ஊரு பக்கம் வராதவன்கூட ஒரு தபா திருப்பதி வருவான். கல்யாணம் ஆனா மொட்டை போட வருவான், புள்ளை பொறந்தா மொட்டை போட வருவான். வந்தா எங்கியாவது தங்கணும் இல்ல? தரை ஈரமா இருக்கசொல்ல மிதிச்சானேன்னு அன்னிக்குக் கத்தினேன். அது அவனுக்கு ஞாபகம் இருக்கும்."

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் வசனம் பாதியில் நின்ற இடத்திலேயே நின்றது, நல்லவேளையாக.

அக்கா மறுபடி படத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தார். கீழே வலது மூலையில் விரலை வைத்தார்.

"இது இன்னா, இவ்ளோ பெருசா?"

"என் பேருக்கா. போட்டவங்க பேரு எழுதறது வழக்கம்."

"உங்க பேரு அவனுக்கு எதுக்கு? அதை அழிச்சிட்டு அங்க எங்க ஊரு பேரை எழுதுங்க. அதுக்குக் கீழ டீக்கடை பூத்து நம்பரை எழுதுங்க. தெலுங்குல எழுதுங்க சாரு, அவனுக்குத் தமிழ் படிக்க வராது."

கண்காட்சிப் பெரியவர் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, சட்டத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அவரே ரப்பரும் எடுத்துக் கொடுத்தார். என் பெயரை அழித்தேன். ஊர்ப் பெயரைத் தெலுங்கில் எழுதினேன். நம்பரை அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதி, சரிதானா என்று திருப்பிப் படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.